நீலச் சாயம் போதுமா? – ஆய்வுக்கூடக் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகிக்கு, "எத்திடியம் புரோமைடு என்ற வழக்கமான சாயம் இல்லாமலும் ஜெல்லில் டி.என்.ஏ.வைப் பார்க்கலாம், மெத்திலீன் நீலம் இருந்தால் போதும்" என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. நான் 27 ஆண்டுகள் ஒரு மகளிர் கல்லூரியின் உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்பாசியிலிருந்து எடுத்த அகரோஸைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, வெண்மையான கூழ்ப்பலகை போல உறைய வைப்பதுதான் ஜெல். அதன் ஒரு ஓரத்தில் உள்ள சிறு குழிகளில் டி.என்.ஏ.வை விட்டு மின்சாரம் செலுத்தினால், எதிர்மின் சுமை கொண்ட டி.என்.ஏ. நேர்மின் முனையை நோக்கி நகரும். சிறிய துண்டு முன்னால் ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். ஆனால் டி.என்.ஏ.வுக்கு நிறம் கிடையாது. எங்கே நிற்கிறது என்று காட்ட ஒரு சாயம் வேண்டும். வழக்கமான எத்திடியம் புரோமைடு புற ஊதா ஒளியில்தான் ஒளிரும். இன்றைய பேச்செல்லாம் அந்தச் சாயத்தைப் பற்றித்தான்.

கேள்வி: எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் 42 மாணவர்கள். ஜெல்லைப் பார்க்கும் புற ஊதாப் பெட்டி (டிரான்ஸ்இல்லுமினேட்டர்) பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது. மெத்திலீன் நீலத்தை வைத்து முழுப் பயிற்சி வகுப்பையும் நடத்த முடியுமா? எப்படிச் செய்வது என்று விவரமாக எழுதுங்கள்.
– உதவிப் பேராசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

தாராளமாக முடியும் டீச்சர். நான் கடைசி ஒன்பது ஆண்டுகள் இளங்கலை வகுப்பை அப்படித்தான் நடத்தினேன்.

மெத்திலீன் நீலம் நேர்மின் சுமை உள்ள சாயம். டி.என்.ஏ.வின் முதுகெலும்பாக இருக்கும் பாஸ்பேட்டுகள் எதிர்மின் சுமை உள்ளவை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 1876-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ இதைத் துணிச் சாயமாகத் தயாரித்தார். பிறகு மருந்தாகவும் ஆயிற்று. இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்க முடியாமல் போகும் மெத்தீமோகுளோபினீமியா என்ற நிலைக்கு இன்றும் ஊசி வழியே கொடுக்கிறார்கள்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், முதல்வரிடம் கையெழுத்து வாங்க உதவும். 0.02 சதவீதக் கரைசல்தான் நமக்குத் தேவை. 100 மில்லி காய்ச்சி வடித்த நீருக்கு 20 மில்லிகிராம் தூள். 25 கிராம் புட்டி ஒன்று வாங்கினால் 125 லிட்டர் சாயம் வரும். ஒரு முறை பயன்படுத்திய கரைசலைப் புட்டியிலேயே ஊற்றி வைத்துப் பல முறை திரும்பப் பயன்படுத்தலாம். நான் வாங்கிய ஒரு புட்டி நான் ஓய்வு பெற்ற நாளிலும் பாதிக்கு மேல் இருந்தது. மீன் தொட்டிக் கடையில் விற்கும் நீலத்தை வாங்க வேண்டாம். அதில் எவ்வளவு செறிவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. பக்கத்து நுண்ணுயிரியல் துறையில் இருக்கும் லோஃப்லர் கரைசலும் வேண்டாம், அதில் ஆல்கஹாலும் காரமும் சேர்ந்திருக்கும். வெறும் தூளாக வாங்குங்கள்.

இனி ஜெல். மெல்லியதாக ஊற்றுங்கள். 7-க்கு 10 சென்டிமீட்டர் தட்டுக்கு 35 மில்லி போதும், அரை சென்டிமீட்டர் கனம் வரும். எல்லோரும் பழக்கத்தில் 50 மில்லி ஊற்றுவார்கள். கனம் கூடினால் சாயம் உள்ளே போகவும் நேரம், வெளியே வரவும் நேரம். ஜெல்லில் குழி உண்டாக்கும் சீப்பில் பற்கள் குறுகலாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே அளவு டி.என்.ஏ. அகன்ற குழியில் பரந்து மங்கும், குறுகிய குழியில் செறிந்து தெரியும். ஓட்டி முடித்ததும் ஜெல்லைச் சாயத்தில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். எடுத்து ஒரு முறை அலசி, நல்ல நீரில் போட்டு 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். மூன்றாவது, நான்காவது மாற்றத்தில் பின்னணி வெளுத்து நீலக் கோடுகள் எழும்பி வரும். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று விட்டால் சின்னத் துண்டுகள் அழிந்துவிடும்.

வகுப்பு மூன்று மணிக்கு முடிந்துவிடும், இவ்வளவு நேரம் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதே தொல்லை இருந்தது. அதற்கு வேறொரு வழி: சாயத்தைப் பத்து மடங்கு நீர்க்க வையுங்கள், 0.002 சதவீதம். ஜெல்லை அதில் போட்டு மூடி, ரசாயனத்துக்கென்று இருக்கும் ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அலசவே தேவையில்லை, கோடுகள் தயாராக இருக்கும். வெளியே வைத்தால் சின்னத் துண்டுகள் ஜெல்லுக்குள்ளேயே பரவி மங்கிவிடும், அதற்காகத்தான் குளிர். மாணவர்கள் காலையில் ஓடி வந்து முதலில் அந்த டப்பாவைத்தான் திறப்பார்கள்.

பார்ப்பதற்கு, படம் வரைபவர்கள் வைத்திருக்கும் எல்.இ.டி. வெள்ளைப் பலகை மிக நன்று. இல்லையென்றால் செல்போன் டார்ச்சின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்து அதன்மேல் ஜெல்லை வையுங்கள். புகைப்படம் எடுக்க ஒரு யோசனை: பரிசுப் பொருள் சுற்றும் சிவப்பு செலோஃபேன் தாளைக் கேமராவின் முன் பிடியுங்கள். மெத்திலீன் நீலம் சிவப்பு ஒளியைத்தான் விழுங்கும். அதனால் சிவப்புத் தாள் வழியே நீலக் கோடு கறுப்பாகத் தெரியும், பின்னணி வெளிறும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் பதிவேட்டில் ஒட்டத் தோதாக இருக்கும்.

இதில் ஒரே குறை உணர்திறன். எத்திடியம் புரோமைடு ஒரு கோட்டில் 1 முதல் 5 நானோகிராம் இருந்தாலே காட்டிவிடும். மெத்திலீன் நீலத்துக்கு 40 நானோகிராமாவது வேண்டும், நிம்மதியாகப் பார்க்க 100. ஆகவே டி.என்.ஏ.வைக் கூடுதலாகப் போடுங்கள். பயிற்சி வகுப்பில் கடைசி நானோகிராமைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை. 42 பேரும் தங்கள் கண்ணால் ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

கேள்வி: லாம்டா டி.என்.ஏ.வை ஹிண்ட் த்ரீ நொதியால் வெட்டி ஒரு மைக்ரோகிராம் போட்டு ஓட்டினேன். மெத்திலீன் நீலத்தில் ஆறு கோடுகள்தான் வந்தன. புத்தகத்தில் எட்டு என்று இருக்கிறது. நொதி சரியாக வேலை செய்யவில்லையா?
– எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி, சிவகாசி

நொதி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது கண்ணு. நீயே ஒரு கணக்குப் போட்டுப் பார்.

லாம்டா என்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ். அதன் டி.என்.ஏ.வின் மொத்த நீளம் 48,502 இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியில் அத்தனை படிகள். ஹிண்ட் த்ரீ அதை 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125 என எட்டாக வெட்டும். ஒவ்வொரு துண்டும் அதே எண்ணிக்கையில்தான் இருக்கும், ஆனால் எடை நீளத்துக்கு ஏற்றபடி பிரியும். நீ போட்டது 1,000 நானோகிராம். அதில் முதல் துண்டின் பங்கு 477 நானோகிராம். அடுத்தவை 194, 135, 90. 2,322-க்கு 48, 2,027-க்கு 42. அதற்கடுத்த 564-க்கு வெறும் 12. கடைசித் துண்டுக்கு 3 கூட இல்லை.

நமது சாயத்தின் எல்லை 40 என்று மேலே சொன்னேன் அல்லவா? ஐந்தாவதும் ஆறாவதும் மங்கலாகத் தெரிந்திருக்குமே, கவனித்தாயா? அவை எல்லையில் நின்றவை. ஏழாவதும் எட்டாவதும் ஜெல்லில் இருக்கின்றன, சாயம் காட்டவில்லை. 564-ஐப் பார்க்க வேண்டுமானால் மூன்றரை மைக்ரோகிராம் போட வேண்டியிருக்கும். அப்போது மேலே உள்ள பெரிய கோடு கொழகொழவென்று வீங்கிப்போகும். அதைச் செய்யாதே. இந்தக் கணக்கை உன் பதிவேட்டில் எழுதி, "ஆறு கோடுகள், எதிர்பார்த்தபடி" என்று முடி. உன் ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

இன்னொன்று. நான்காவது கோடு, அதாவது 4,361, சில சமயம் இருக்க வேண்டியதைவிட மங்கலாக வரும். லாம்டாவின் இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையவை. முதல் துண்டும் நான்காவது துண்டும்தான் அந்த முனைகளைச் சுமப்பவை. ஜெல்லில் போடும் முன் 65 டிகிரியில் ஐந்து பத்து நிமிடம் வைத்து உடனே பனிக்கட்டியில் வைத்தால் பிரிந்துவிடும்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. படிக்கிறாள். எத்திடியம் புரோமைடு கையில் பட்டுவிட்டது, புற்றுநோய் வரும் என்று தோழிகள் சொன்னார்களாம், அழுதுகொண்டே போன் செய்தாள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. உண்மை நிலவரம் என்ன?
– ஒரு தந்தை, தூத்துக்குடி

ஐயா, முதலில் மகளிடம் பேசுங்கள். ஜெல்லில் கலக்கும் அளவு நீர்த்த கரைசல் ஒரு முறை கையில் பட்டு, அவள் உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் அதற்காகத் தூக்கத்தை இழக்க வேண்டாம். கண்ணில் பட்டிருந்தாலோ, செறிவான புட்டிக் கரைசல் நிறையக் கொட்டியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டட்டும்.

பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இந்தச் சாயம் டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே நுழைந்து உட்காரும். அப்படி உட்கார்ந்ததும் புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறமாக ஒளிரும். அதனால்தான் 1972, 1973-இல் இதை ஜெல்லில் பயன்படுத்தும் முறை வெளியானதும் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் படிகளுக்கு நடுவே நுழையும் பொருள், உயிருள்ள செல்லில் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழை உண்டாக்கலாம். புரூஸ் ஏம்ஸ் வகுத்த பாக்டீரியாச் சோதனையில், கல்லீரல் சாற்றோடு சேர்த்துக் கொடுத்தபோது இது பிறழ்வு உண்டாக்கும் பொருள் என்று தெரிந்தது. அதில் சந்தேகமில்லை, கையுறை அவசியம்.

அதே பொருளை ஆப்பிரிக்காவில் 1950-கள் முதல் ஹோமிடியம் என்ற பெயரில் மாடுகளுக்கு ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு மருந்து. கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் அளவு. 300 கிலோ மாட்டுக்கு 300 மில்லிகிராம். உங்கள் மகள் செய்யும் 50 மில்லி ஜெல்லில் இருப்பது 25 மைக்ரோகிராம். மாட்டுக்குப் போட்ட ஒரு ஊசியில் 12,000 ஜெல்லுக்கான சாயம் இருந்தது. இதைச் சொல்வது அலட்சியமாக இருக்கச் சொல்வதற்கு அல்ல. நோய்வாய்ப்பட்ட மாட்டுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள் என்பதால், மனிதர் வாழ்நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஆகாது. தோழிகள் சொன்ன அளவுக்கு அது நஞ்சல்ல என்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த 27 ஆண்டில் எனக்கு நேர்ந்த பெரிய காயம் விளக்கால் வந்தது, சாயத்தால் அல்ல. 1999-இல் ஒரு நாள், முகக் கவசம் விரிசல் விட்டிருந்ததால் கழற்றி வைத்துவிட்டுப் புற ஊதாப் பெட்டிக்கு மேல் குனிந்து இருபது நிமிடம் ஜெல்லை வெட்டினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு பதினோரு மணிக்குக் கண்ணில் யாரோ மணலை அள்ளிப் போட்டது போல் ஆயிற்று. இமையைத் திறக்க முடியவில்லை. என் கணவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். விழிப்படலம் வெயிலில் தோல் கருகுவது போலக் கருகியிருந்தது. உங்கள் மகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முகக் கவசம் போடுகிறாளா? சாயம் தொட்ட கையுறையோடு செல்போனை எடுத்து ஜெல்லைப் படம் பிடிக்கிறாளா? இரண்டாவதைப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிறார்கள். பிறகு அதே போனைக் கன்னத்தில் வைத்து அம்மாவிடம் பேசுவார்கள்.

கேள்வி: ஜெல்லில் முன்னால் நீலமாக ஓடுகிறதே, அதுதானே டி.என்.ஏ.? அப்புறம் எதற்குத் தனியாகச் சாயம்?
– பி.எஸ்சி. மாணவர், தருமபுரி

அது டி.என்.ஏ. இல்லை தம்பி. அது, குழியில் விடும் முன் டி.என்.ஏ.வோடு கலக்கும் லோடிங் டையில் இருக்கும் புரோமோஃபீனால் நீலம். டி.என்.ஏ.வோடு ஒட்டாது, தன் பாட்டுக்கு ஓடும். ஒரு சதவீத ஜெல்லில் ஏறத்தாழ 300 இணை நீளமுள்ள துண்டு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதற்கு அது ஒரு அடையாளம். ஓட்டத்தை எப்போது நிறுத்துவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

கேள்வி: குளோனிங்குக்காக, அதாவது பாக்டீரியாவில் ஏற்றிப் பெருக்குவதற்காக, ஜெல்லில் இருந்து கோட்டை வெட்டி எடுக்கிறேன். சுத்திகரித்த பிறகு டி.என்.ஏ. அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் பாக்டீரியாக் காலனிகளே வருவதில்லை. சாயத்தால் கெட்டுப்போகிறதா?
– ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

புற ஊதாப் பெட்டியின் மேல் வைத்து எவ்வளவு நேரம் வெட்டுகிறீர்கள்? அந்த ஒளி உங்கள் டி.என்.ஏ.வின் தைமின்களை ஜோடி ஜோடியாக ஒட்ட வைத்துவிடும். ஒரு நிமிடம் கூட அதிகம். அளவு பார்க்கும் கருவிக்கு அந்தச் சேதம் தெரியாது, பாக்டீரியாவுக்குத் தெரியும்.

கிரிஸ்டல் வயலட் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த வேலைக்கு அதைவிட மலிவான தீர்வு இல்லை. மில்லிக்கு 10 மைக்ரோகிராம் என்ற கணக்கில் ஜெல்லிலும், அது மூழ்கியிருக்கும் உப்புக் கரைசலான பஃபரிலும் கலக்க வேண்டும். ஒரு சதவீதக் கரைசல் வைத்திருந்தால் 50 மில்லி ஜெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர், 500 மில்லி பஃபருக்கு அரை மில்லி. பஃபரிலும் ஏன் என்றால், இது நேர்மின் சுமை உள்ள சாயம், டி.என்.ஏ.வுக்கு எதிர்த்திசையில் நகரும். ஜெல்லில் மட்டும் போட்டால் ஓட ஓட வெளியேறிவிடும். ஜெல் ஓடும்போதே ஊதாக் கோடு சாதாரண வெளிச்சத்தில் நகர்வதைப் பார்க்கலாம். வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, வெள்ளை டைல்ஸ் மேல் வைத்து பிளேடால் வெட்டிக்கொள்ளுங்கள். ஜெல்லிலிருந்து டி.என்.ஏ.வைச் சுத்திகரிக்கும் வழக்கமான 'காலம்' (column) கிட்டிலேயே சாயம் கழுவிப்போகும்.

கிரிஸ்டல் வயலட் நம் வீடுகளில் வாய்ப்புண்ணுக்கும் சிராய்ப்புக்கும் தடவிய அதே ஜென்ஷன் வயலட்தான். அதனால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். புற்றுநோய் அபாயம் கருதி 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை அதைத் தவிர்க்கும்படி மக்களை எச்சரித்தது. கையுறை போடுங்கள், தூளை ஊதிப் பறக்க விடாதீர்கள்.

சாயமே படாமல் வெட்ட வேண்டும் என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது. லேடர் (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) ஓடிய தடத்தையும் உங்கள் மாதிரியின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றையும் மட்டும் வெட்டிச் சாயத்தில் போடுங்கள். கோடு தெரிந்ததும் அந்த இடத்தில் ஒரு வெட்டு அடையாளம் போட்டு, கீற்றைப் பழையபடி ஜெல்லோடு சேர்த்து வைத்து, அதே உயரத்தில் மீதியை வெட்டுங்கள். என் முதல் ஆசிரியை எனக்குச் சொல்லித் தந்தது இது.

கேள்வி: "முழுக்கப் பாதுகாப்பானது" என்று சொல்லி ஒரு விற்பனையாளர் விலை உயர்ந்த சாயம் கொடுத்தார். எங்களிடம் உள்ள நீல எல்.இ.டி. பெட்டியில் வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டோமா?
– துறைத் தலைவர், திருநெல்வேலி

சார், புட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஜெல்ரெட் வகை என்றால் அதற்குப் புற ஊதா வேண்டும், 470 நானோமீட்டர் நீல ஒளியில் சரியாகத் தூண்டப்படாது. நீலப் பெட்டிக்கு ஏற்றவை சைபர் சேஃப், ஜெல்கிரீன் போன்றவை. இவை நீல ஒளியை ஏற்றுப் பச்சையாக ஒளிரும். மேலே ஆரஞ்சு நிற அக்ரிலிக் தகடு ஒன்று கட்டாயம். அது நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் உள்ளே விடும். தகடு இல்லாமல் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, கண்ணும் கூசும். புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், புற ஊதாப் பெட்டி இருக்கும் பக்கத்துத் துறைக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"முழுக்கப் பாதுகாப்பானது" என்ற சொல்லுக்கு வருகிறேன், அது எனக்கு உறுத்துகிறது. ஜெல்ரெட் என்பது இரண்டு எத்திடியம் மூலக்கூறுகளை ஒரு நீண்ட பாலத்தால் இணைத்தது. உருவம் பெரிதாகிவிட்டதால் உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாது என்பதுதான் அதன் பாதுகாப்பு. நல்ல யோசனைதான். ஆனால் அதைக் கையில் தடவிக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை. சில சாயங்கள் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் வருகின்றன. அது தோல் வழியே பொருள்களை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். விற்பனையாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். சாயத்தின் பெயரையே எழுதாமல் "பாதுகாப்பான சாயம்" என்று மட்டும் ஒட்டிய புட்டியை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கேள்வி: வெள்ளிச் சாயம் எத்திடியம் புரோமைடைவிடப் பாதுகாப்பானதா?
– வேளாண் ஆராய்ச்சி மாணவி, தஞ்சாவூர்

இல்லை. உணர்திறன் அபாரம், அக்ரிலமைடை உறைய வைத்துச் செய்யும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டும். அதனால் பயிர் மரபணு ஆய்வுகளில் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, உடன் சேர்க்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். புகைப்போக்கி அறை இல்லாமல் செய்யாதீர்கள்.

கேள்வி: அகரோஸ் விலை தாங்க முடியவில்லை. மளிகைக் கடையில் விற்கும் அகர் அகர், சைனா கிராஸ் என்பதை வைத்து ஜெல் செய்யலாமா?
– ஆய்வக உதவியாளர், மதுரை

மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, அகர் தயாரிக்கும் கூடங்கள் பல உங்கள் ஊரில்தானே இருக்கின்றன. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் முழுகிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் அதன் மூலப்பொருள். பாறையில் கையைக் கீறிக்கொள்ளாமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். ஜெல் ஊற்றும்போது என் மாணவிகளிடம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததில்லை.

அகரில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று அகரோஸ், மற்றது அகரோபெக்டின். இரண்டாவதில் சல்ஃபேட் போன்ற எதிர்மின் சுமைகள் இருக்கும். அவை ஜெல்லுக்குள் நீரை எதிர்த்திசையில் இழுத்து டி.என்.ஏ.வின் ஓட்டத்தைக் குலைக்கும். நம் மெத்திலீன் நீலமும் அந்தச் சுமைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அலசினாலும் பின்னணி நீலமாகவே நிற்கும். ஆகவே டி.என்.ஏ.வுக்கு அகரோஸே வாங்குங்கள். மிச்சம் பிடிக்க, மெல்லிய ஜெல் ஊற்றுங்கள். சாயம் போடாத ஜெல்லை மறுபடி உருக்கி ஊற்றலாம். மளிகைக் கடை அகருக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: பயன்படுத்திய எத்திடியம் புரோமைடு கரைசலில் பிளீச்சிங் திரவம் ஊற்றித் தொட்டியில் விடச் சொல்கிறார்கள். சரியா? மெத்திலீன் நீலத்தை அப்படியே விடலாமா?
– ஆய்வக உதவியாளர், ஈரோடு

இரண்டும் வேண்டாம். பிளீச் ஊற்றினால் நிறம் போகும். ஆனால் அதில் உண்டாகும் பொருள்களும் பிறழ்வு உண்டாக்குபவை என்று பிறகு செய்த சோதனைகள் காட்டின. பழைய கையேடுகளில் இன்னும் அந்தக் குறிப்பு இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். ஆட்டோகிளேவின் நீராவிச் சூடும் எத்திடியம் புரோமைடை அழிக்காது.

தூள் செய்த செயலூட்டப்பட்ட கரி வாங்குங்கள். ஜெல் ஊறவைத்த நீர்த்த கரைசல் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் கரி போட்டு, அவ்வப்போது கலக்கி, ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். சாயம் கரியில் தங்கிவிடும், நீரைக் கொட்டலாம். கரியையும் வடிதாளையும் ஜெல்லையும் உறையிலிட்டு மூடி, உங்கள் கல்லூரி ஒப்பந்தம் வைத்திருக்கும் அபாயக் கழிவு நிறுவனத்திடம் எரியூட்டக் கொடுங்கள். மெத்திலீன் நீலத்துக்கும் இதே கரி அருமையாக வேலை செய்யும். கரியின் தரத்தை அளக்கவே மெத்திலீன் நீலத்தைத்தான் ஊற்றிப் பார்ப்பார்கள்.

நான் நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கீழே ஒரு கிராமத்தில் பிறந்தவள். சாயக் கழிவு வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதைப் பார்த்தேன். தென்னை காய்ந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது என் அப்பா உயிரோடு இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து போகும் நீலம் அதனோடு ஒப்பிட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் கூடத் தொட்டியில் நீலம் ஊற்ற எனக்கு மனம் வந்ததில்லை.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் எடுக்கிறேன். எங்களிடம் டி.என்.ஏ.வும் இல்லை, கருவியும் இல்லை. பிள்ளைகளுக்கு ஜெல்லில் ஏதாவது ஓடுவதைக் காட்ட முடியுமா?
– ஆசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

முடியும் சார். இதற்குத்தான் மளிகைக் கடை அகர். டி.என்.ஏ.வுக்குப் பதில் உணவு நிறங்களை ஓட்டுங்கள். அவை தாமே நிறம் உள்ளவை என்பதால் சாயமே தேவையில்லை.

லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராம் சமையல் சோடா கரைத்தால் அதுவே பஃபர். அந்த நீரில் ஒரு சதவீத அகரைக் காய்ச்சிச் சோப்பு டப்பாவில் ஊற்றி, நடுவில் சீப்புப் போலத் தெர்மாக்கோல் துண்டு வைத்து உறைய விடுங்கள். இரண்டு பக்கமும் பென்சில் கரிக்குச்சி மின்முனைகள். 9 வோல்ட் பேட்டரி ஐந்தைத் தொடராக இணைத்தால் 45 வோல்ட், அது போதும். வீட்டு மின் இணைப்பில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். இணைப்பைக் கழற்றாமல் யாரும் கையை உள்ளே விடக் கூடாது.

கடை உணவு நிறங்களின் பாக்கெட்டில் எண் இருக்கும். 102 மஞ்சள், 110 ஆரஞ்சு, 133 நீலம். பச்சைப் பாக்கெட்டில் பெரும்பாலும் 102-உம் 133-உம் கலந்திருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளிக்குக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குழியில் விடுங்கள், இல்லையென்றால் மிதந்துவிடும். அரை மணி நேரத்தில் பச்சை இரண்டாகப் பிரிந்து, மஞ்சள் ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் என நிற்கத் தொடங்கும். இவை எல்லாம் எதிர்மின் சுமை உள்ளவை, டி.என்.ஏ. போகும் திசையிலேயே போகும். ஒரு குழியில் மட்டும் மெத்திலீன் நீலத்தை விட்டு வையுங்கள். அது எதிர்ப்பக்கம் நடக்கும்.

எந்த நிறம் முந்தியது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்கள் பிள்ளைகளை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.